யுன் சென்ற வழிகள்: ‘மிதக்கும் வாழ்வின் ஆறு குறிப்புகள்’ நூலில் நகையின் பயன்

சீனத் தன்வரலாற்று இலக்கியங்களுள் ‘மிதக்கும் வாழ்வின் ஆறு குறிப்புகள்’ என்னும் சிறு நூல் தனக்கெனத் தனியிடம் பெற்றது. அதன் ஆசிரியராகிய ஷென் பூ 1763 இல் சூச்சௌ நகரிற் பிறந்தவர். அரசுத் தேர்வுகளில் வென்று உயர்நிலை எய்தியவரல்லர். புலவர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவருமல்லர். மாவட்ட ஆட்சியாளர்களிடம் ஊதியத்துக்கு அமர்ந்த தனிச் செயலர் அவர். அலுவல் கிடைத்த இடமெல்லாம் சென்று தங்கியும், அது போனபோது ஓவியம் வரைந்து விற்றும், சிறு வாணிகத்தில் இறங்கியும் காலங்கழித்தார். தம் மாமன் மகளாகிய யுன்னை 1780 இல் மணந்தார். அவளுடன் வாழ்ந்த இருபத்து மூன்று ஆண்டுகளின் நினைவே இந்நூலின் உயிர் எனலாம்.

பயின்றோர் பெரும்பாலார் இதனை ஓர் இன்ப நூலாகவே போற்றியுள்ளனர். 1935 இல் இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த லின் யூதாங், யுன்னைச் சீன இலக்கியத்தின் மிக இனிய பெண்களுள் ஒருத்தியாக எண்ணினார். இரண்டாண்டு கழித்துத் தாம் ஆங்கிலத்தில் எழுதிப் பெரும்புகழ் பெற்ற வாழ்க்கைத் தத்துவ நூலிலும் அவளுக்கு இடமளித்தார். சிறுநகர் வாழ்க்கையில் எளிய இருவர் மலரும் மதுவும் நிலவும் கொண்டு நகைத்து மகிழ்ந்த கதை என்னும் எண்ணம் அதன்பின் உலகெங்கும் பரவிற்று. அவ்வெண்ணம் முழுதும் பிழையன்று. ஆயின் அது நூலின் அமைப்பில் உள்ள ஒன்றைக் காணாது விடுகிறது. குடும்பத்தாருடன் வழக்கமுறையாற் சென்றுவந்தவை நீங்கலாக, யுன் தானே விரும்பி மேற்கொண்டனவாக நூல் விரித்துரைக்கும் பயணங்களுள் தலைமையானவை இரண்டு. ஆணுடை அணிந்து கோயில் விளக்கு விழாவுக்குச் சென்றது ஒன்று. தாய்வீடு செல்வதாகச் சொல்லிவிட்டுத் தைஹூ ஏரியைக் கண்டுவந்தது மற்றொன்று. நூலில் ‘உலாவின் களிப்பு’ என்றே ஒரு பகுதி இருக்கவும், இவ்விரண்டும் அப்பகுதியில் இடம்பெறவில்லை. ‘பள்ளியறை இன்பம்’ என்னும் முதற் பகுதியில் வைக்கப்பட்டுள்ளன. இவ்வைப்பு முறையை ஆராய்வதும், இப்பயணங்களில் எழும் நகை ஆண்டு என்ன வேலை செய்கிறது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம். சீனமூலத்தை யாம் நேரிற் பயின்றிலேம்; ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாகவே பயின்றோம். ஆதலின் சொல்நயம் பற்றி யாதும் கூறாது, நிகழ்ச்சி அமைப்பையே பற்றுக்கோடாகக் கொள்கிறோம்.

நூல் வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். ஆசிரியர் வாழ்ந்த நாளில் இது அச்சேறவில்லை. பின்னாளில் யாங் யின்சுவான் என்பார் சூச்சௌவின் பழம்புத்தகக் கடையொன்றில் இதன் கையெழுத்துப் படியைக் கண்டெடுத்தார். 1877 இல் நூல் அச்சாயிற்று. ஆறு பகுதிகளுள் நான்கே கிடைத்தன. 1935 இல் ஷாங்காயில் ஆறு பகுதிகளும் நிரம்பிய பதிப்பென ஒன்று வெளிவந்தது. அதன் இறுதி இரு பகுதிகளும் பிறர் கைவேலை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஐந்தாம் பகுதி வேறொருவரின் ரியூக்யூத் தீவுப் பயண நாட்குறிப்பைத் தழுவியது. ஆறாம் பகுதியிலோ 1811 இல் பிறந்த செங் குவோபான் என்னும் அரசியலாளரின் எழுத்துகள் கலந்திருந்தன. நான்காம் பகுதியின் செய்திகள் 1807 ஆம் ஆண்டளவில் நின்றுவிடுகின்றன. பிறவாதவர் எழுத்தை ஷென் பூ எவ்வாறு எடுத்தாள இயலும்? இடைச்செருகல் ஆராய்ச்சியிற் பயின்ற நம் மாணவர்க்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது.

கிடைத்த நான்கு பகுதிகளின் பெயர்களே கருத்தக்கவை. பள்ளியறை இன்பம், ஓய்வின் சுவை, இடர்களின் துயரம், உலாவின் களிப்பு என அவை அமைகின்றன. ஆசிரியர் தம் வாழ்வை ஆண்டுவாரியாக அடுக்கவில்லை. உள்ளத்து நிகழும் உணர்ச்சிவாரியாகப் பகுத்துக்கொண்டார். மெய்ப்பாட்டியல் பயின்றவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். இதனால் விளைவது யாதெனின், ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை ஒரு பகுதியில் உவகையாகவும் மற்றொரு பகுதியில் அழுகையாகவும் பிரிந்து நிற்கின்றன. முதற் பகுதியைப் படிப்பவன் உவகையை மட்டும் காண்கிறான். அதே நாளில் வீட்டின் மறுபுறத்தில் நிகழ்ந்தது அவனுக்கு நெடும்பொழுது மறைந்து கிடக்கிறது. இஃது ஆசிரியர் அறியாமல் நேர்ந்த அமைப்பு என யாம் கருதவில்லை.

முதலில் கோயில் விழாவை எடுத்துக்கொள்வோம். அவர்கள் வீட்டிற்கு அணித்தே நீர்த்தெய்வத்துக்குரிய கோயில் ஒன்று இருந்தது. விழா நாளில் ஒவ்வொரு குடியினரும் தத்தமக்குரிய இடத்தில் கண்ணாடி விளக்குகளைத் தொங்கவிட்டுப் பூச்சாடிகளை அடுக்கிப் போட்டியிட்டு அணிசெய்வர். பகலிற் கூத்தும் இரவில் விளக்கும் மலரும் என ஊரே திரண்டு நிற்கும். ஷென் பூ அதனைக் கண்டு வந்து மனைவியிடம் விரித்துரைக்கிறார். தான் ஆணல்லளே, செல்ல இயலவில்லையே என்று அவள் ஏங்குகிறாள். தம் தொப்பியையும் உடையையும் அணிந்தால் பெண்ணை ஆணாக்கிவிடலாம் என்று அவர் வழிசொல்கிறார். இங்கிருந்து ஆசிரியரின் பேனா விரைவதை மறந்து நுணுக்கங்களில் தங்குகிறது. கொண்டை அவிழ்ந்து பின்னலாகிறது. மஞ்சு அரசர் ஆட்சியில் ஆடவர் பின்னலிடுவது கட்டாயம் என்பதை நினைவிற்கொள்க. புருவம் தடித்து எழுதப்படுகிறது. கணவரின் நீள் அங்கி ஒன்றரை அங்குலம் மிகுதியாக இருக்கவே இடையில் மடித்துத் தைக்கப்படுகிறது. எஞ்சியது காலடி. கட்டிக் குறுக்கிய காலுக்கு ஆண் செருப்பு எங்ஙனம் பொருந்தும்? எவ்வளவு காலுக்கும் ஏற்கும் ‘வண்ணத்துப்பூச்சிச் செருப்பு’ கடையில் எளிதிற் கிடைக்கும் என்கிறார் கணவர்.

அவள் ஆடவர்போற் கைகூப்பி வணங்கியும் அகலக் காலெடுத்து நடந்தும் நெடுநேரம் பழகுகிறாள். திடீரென மனம் மாறுகிறாள். எவரேனும் கண்டுகொண்டால் தொல்லை. மாமன் மாமியர் செவிக்கு எட்டினாலோ அறவே ஆகாது. ஆகவே வரவில்லை என்கிறாள். அதற்குக் கணவர் கூறும் மறுமொழியே இவ்வாராய்ச்சிக்குத் தலைமையான சான்று. கோயிற் பொறுப்பாளர் தம்மை அறிந்தவரே. கண்டுகொண்டாலும் ஒரு சிரிப்போடு போய்விடும். அன்னையோ உறவினர் வீட்டுக்குச் சென்றிருக்கிறார். ஓசையின்றிப் போய் ஓசையின்றி மீண்டால் அவர் எவ்வாறு அறிவார் என்னும் கருத்துப்பட அவர் பேசுகிறார். கண்ணாடியில் தன்னைப் பார்த்து அடக்கமாட்டாமற் சிரிக்கும் அவளை அவரே கைபற்றி அழைத்துச் செல்கிறார்.

அவர் நம்பியது நகையை. அவள் அஞ்சியது வீட்டை. ஊரார் கண்டுகொண்டால் நகைத்து விடுவர் என்பது அவர் கணக்கு. அக்கணக்கு ஒருவாறு பலித்தும் விடுகிறது. கோயில் முழுதும் சுற்றியும் எவரும் அறியவில்லை. கேட்டவர்க்கு உறவினன் எனச் சொல்லியாயிற்று. இறுதியில் பொறுப்பாளர் ஒருவரின் வீட்டுப் பெண்டிர் அமர்ந்திருந்த இடத்தை அடைகின்றனர். யுன் தன் வேடத்தை மறந்தாள். தன் இனத்தாரைக் கண்ட இயல்பில் அவர்களோடு உரையாடச் சென்றவள், குனியும்போது இளம்பெண் ஒருத்தியின் தோளிற் கை வைத்துவிட்டாள். உடனிருந்த ஏவற்பெண்டிர் சினந்தெழுந்து, இஃதென்ன முறைகேடு என்று வைகின்றனர். கணவர் சமாதானம் சொல்ல வாயெடுக்குமுன், யுன் தொப்பியைக் களைந்து காலைத் தூக்கிக் காட்டித் தானும் பெண்ணே என்கிறாள். அவர்கள் முதலில் திகைத்தனர்; பின்னர்ச் சினம் மகிழ்ச்சியாயிற்று; தேநீரும் சிற்றுண்டியும் தந்து, பல்லக்கு வரவழைத்து அவளை வீட்டுக்கு அனுப்பினர்.

இக்காட்சி வெறும் வேடிக்கையாகவே பெரிதும் பாராட்டப்பட்டுள்ளது. யாம் இதில் வேறொன்று காண்கிறோம். அவளைக் காத்தது யாது? கட்டிய கால். எந்தக் கால் அவளை வீட்டுக்குள் இருத்தியதோ, அதே கால் சான்றாக நின்று அவளைத் தண்டனையிலிருந்து மீட்கிறது. மீட்டு, எங்கே அனுப்புகிறது? பல்லக்கிலேற்றி மீண்டும் வீட்டுக்கு. நடந்து வந்தவள் சுமக்கப்பட்டுத் திரும்புகிறாள். நகை பிறக்கும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் எனத் தொல்காப்பியர் நான்காகப் பகுத்தார். இந்நகையை அந்நான்கனுள் எதனுள் அடக்குவது? அப்பெண்டிர் அவளை எள்ளவில்லை. அவளிடம் பேதைமையும் இல்லை. எல்லை கடந்தவள் மீளும்போது சுங்கச்சாவடியில் இறுக்கும் ஆயம் போல இந்நகை நிற்கிறது. இறுத்தவுடன் வழி விடுகிறார்கள். வழியோ உட்பக்கமாகவே செல்கிறது.

ஏரிப் பயணத்தில் இது மேலும் தெளிவாகும். ஊச்சியாங் ஊரில் தந்தையின் நண்பர் ஒருவர் இறந்துவிட, துக்கம் கேட்டுவருமாறு தந்தையிடமிருந்து ஷென் பூவுக்கு மடல் வருகிறது. அவ்வூருக்குச் செல்லும் வழி தைஹூ ஏரியை ஒட்டியது. யுன் கணவரைத் தனியே அழைத்துத் தானும் வந்து கண்பார்வையை அகலப்படுத்திக்கொள்ள விரும்புவதாகச் சொல்கிறாள். தைஹூ இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. சூச்சௌவுக்கு மேற்கே அணித்தே உள்ளது. அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவள் அதுகாறும் அதனைக் கண்டதில்லை. காரணம் சொல்ல வேண்டுமே என்று கணவர் தயங்க, தாய்வீடு செல்வதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள். அவர் முன்னே சென்று படகிற் காத்திருக்க, அவள் பின்னே பல்லக்கில் வந்து சேர்கிறாள்.

நீரும் வானும் ஒரே நிறமாய் விரிந்த வெளியைக் கண்டு, இதுதானா தைஹூ என்று அவள் வியக்கிறாள். உலகின் பரப்பை இன்று கண்டேன், இப்பிறவி வீண்போகவில்லை என்கிறாள். உடனே, வாழ்நாளெல்லாம் இதனைக் காணாதே கழியும் உள்ளறைப் பெண்டிர் எத்துணையர் என்று நினைக்கிறாள். மருட்கை தோன்றிய அந்த நொடியிலேயே தன்னொத்த பிறரை எண்ணும் இவ்வுள்ளம், நான்காம் பகுதியில் மலையும் அருவியும் கண்டு களிக்கும் ஆசிரியரிடம் யாண்டும் காணப்படாதது. இயற்கை வருணனையில் வல்லவர் அவரே. ஆயினும் ஏரியைப் பற்றிய இச்சில சொற்களுக்கு ஈடாக அவருடைய மலை வருணனை எதனையும் கூற எமக்கு மனம் வரவில்லை.

ஊச்சியாங்கில் கணவர் கரையேறித் துக்கம் கேட்டு மீள்கிறார். படகு வெறுமையாகக் கிடக்கிறது. படகோட்டியைக் கேட்க, அவன் நீள்பாலத்தைச் சுட்டுகிறான். அங்கே வில்லோ மர நிழலில், நீர்க்காகங்கள் மீன் பிடிப்பதைப் படகோட்டி மகளின் தோளிற் சாய்ந்தபடி தன்னை மறந்து பார்த்துநிற்கிறாள் யுன். மெல்லாடை வியர்வையில் நனைந்ததும் அவள் அறியவில்லை. பின்னின்று தோளைத் தட்டுகிறார். இறந்தவர் வீட்டார் எவரேனும் படகுக்கு வரக்கூடுமென அஞ்சி ஒதுங்கி வந்ததாகவும், அவர் இத்துணை விரைவில் திரும்பியது ஏனென்றும் அவள் சொல்ல, தப்பியோடியவளைப் பிடிக்க வந்ததாக அவர் சிரித்துச் சொல்கிறார்.

மீளும் வழியில் நகர்ப்புறத்துப் பாலம் ஒன்றன் கீழே படகை நிறுத்துகின்றனர். பதினாயிரம் ஆண்டுப் பாலம் என்பது அதன் பெயர். கதிரவன் இன்னும் சாயவில்லை. காற்று வரும்படி பலகணிகளைத் திறந்து, மூவரும் மது அருந்திச் சொல்விளையாட்டு ஆடுகின்றனர். படகோட்டியின் மகள் அவ்விளையாட்டை அறியாதவள். யுன் அவளுக்குக் கற்பிக்கிறாள். உயர்குடி மனைவிக்கும் படகுப் பெண்ணுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அச்சிறு பொழுதில் கரைகிறது. சில நாள் கழித்து, அவர்கள் தங்கியிருந்த நண்பர் வீட்டு அம்மையார் யுன்னிடம் மறைவாக ஒன்று சொல்கிறார்: உன் கணவர் அப்பாலத்தின் கீழே இரு கணிகையருடன் மது அருந்தியதாகக் கேள்வி, நீ அறிவாயா? அறிவேன், அவர்களுள் ஒருத்தி யானே என்று விடையிறுத்து நடந்ததெல்லாம் உரைக்கிறாள் யுன். அம்மையார் வாய்விட்டுச் சிரித்து ஐயம் நீங்கிச் செல்கிறார்.

இப்போது மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்குக. கோயிலில் அவள் ஆண். நீள்பாலத்தில் தப்பியோடியவள். பாலத்தடியில் கணிகை. வாயிற்படி கடந்த குலமகளுக்கு அக்காலச் சூச்சௌ வைத்திருந்த பெயர்கள் இம்மூன்றே போலும். தன் பெயரில் அவள் வெளியே நிற்க இடமில்லை. ஒவ்வொரு முறையும் பெயர் ஒன்று அவள்மேல் வந்து விழுகிறது. ஒவ்வொரு முறையும் நகை அதனைத் துடைக்கிறது. அவ்வாறு துடைப்பதற்கு அவளுடைய அறிவுக்கூர்மை வேண்டியிருக்கிறது என்பதையும் மறத்தலாகாது. சற்றே மந்தமான ஒருத்தி கோயிலில் அடியுண்டிருப்பாள். கணிகை என்ற பேச்சுக்கு அழுதிருப்பாள். கணவனுடன் செல்லும் பயணத்துக்கு நம் அகத்திணை இலக்கணமும் வரையறை கூறியுள்ளது. முந்நீர் வழக்கம் பற்றிய தொல்காப்பிய விதியும் அதன்மேல் எழுந்த உரைவேறுபாடும் ஆராய்ச்சியாளர் அறிந்தவையாதலின் ஈண்டு விரித்திலேம்.

நான்காம் பகுதிக்கு வருவோம். முப்பது ஆண்டுகள் செயலராகத் திரிந்து, நாட்டில் தாம் காணாத இடங்கள் தென்மேற்கு மாநிலங்கள் சிலவே என்று ஆசிரியர் அதனைத் தொடங்குகிறார். பிறர் வண்டிக்கும் குதிரைக்கும் பின்னே சென்றதால் காட்சிகள் கண்முன் கடந்த முகில்களாயின என்று குறைபட்டுக் கொள்கிறார். எதிலும் தம் கருத்தே தமக்கு முதன்மை, பிறர் புகழ்ந்ததால் மட்டும் ஓரிடத்தைப் புகழேன் என்றும் சொல்கிறார். இக்கூற்றுக்கு அவர் நடைமுறையும் பெரும்பாலும் ஒத்தே செல்கிறது. பேர்பெற்ற தோட்டங்கள் சிலவற்றை அவர் கூசாமற் பழிக்கிறார்.

அப்பகுதியில் எமக்கு மிகவும் உவப்பான இடம் ஆன்ஹுயி மாநிலத்து ஜீஷி என்னும் மலைநாட்டுச் சிற்றூர் விழா. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் மலர்விழா அது. செல்வதற்குப் பல்லக்கு இல்லை. ஆசிரியர் ஊராருக்கு வழி கற்பித்து, மூங்கிலைக் கொம்பாகக் கட்டி நாற்காலியைப் பல்லக்காக்கி, ஆள்வைத்துச் சுமக்கச் செய்து போகிறார். கண்டவரெல்லாம் வியந்து நகைக்கின்றனர். விழாக்களத்தில் முறிந்த தூண் போன்ற மெழுகுத்திரிகளை ஆடவர் சுமந்து வருகின்றனர். அதன்பின் எண்மர் எருதளவு பன்றியொன்றைத் தூக்கி வருகின்றனர். அஃது ஊர்ப்பொதுவாய்ப் பன்னிரண்டு ஆண்டு வளர்க்கப்பட்டுத் தெய்வத்துக்குப் படைக்கப்படுவது. உடன்சென்ற நண்பர் நகைக்கிறார்: பன்றியும் நீண்ட ஆயுளுடையது, தெய்வத்தின் பல்லும் கூர்மையாகத்தான் இருக்கவேண்டும்; தாம் தெய்வமாயின் இதனை எவ்வாறு உண்பது என்கிறார். அவர்களின் எளிய பத்திமையை இது காட்டுகிறதன்றோ என்று ஆசிரியர் விடை கூறுகிறார். கோயிலினுள் வைத்த மரச்சாடிகளோ கத்தரித்து வளைக்கப்படாதவை; முதிர்ந்து முறுகிய மலைமரங்களாகவே அவை நின்றன. சூச்சௌவின் நாகரிகத் தோட்டக்கலையிற் பயின்ற கண் அங்கே ஒரு கணம் தயங்குவதை ஆசிரியர் மறைக்கவில்லை.

இங்கு எழும் நகையும் நல்ல நகையே. ஆயின் அதன் இனம் வேறு. நண்பரின் பேச்சு எள்ளல். ஆசிரியரின் விடையில் அவ்வெள்ளல் தணிந்து இரக்கமாகிறது. ஊரார் அவர்களைப் பார்த்துச் சிரிக்கின்றனர், அவர்கள் ஊராரைப் பார்த்துச் சிரிக்கின்றனர், கணக்கு நேராகிறது. எவருக்கும் எதுவும் இழப்பில்லை. மூங்கிற் பல்லக்கிற் சென்றதற்காக ஷென் பூவை யாரும் வேறு பெயரிட்டு அழைக்கவில்லை.

குவாங்சௌப் பயணத்திலோ இவ்வேறுபாடு கூர்மையாகிவிடுகிறது. உறவினர் ஒருவருடன் வாணிகத்துக்காகத் தென்கோடியிலுள்ள அத்துறைமுகத்துக்குச் செல்கிறார் ஆசிரியர். 1794 இல் மீள்கிறார். புத்தாண்டு நாளிற் பருத்தி அங்கியின்மேல் மெல்லாடை அணிந்தோரைக் கண்டு தட்பவெப்பம் இத்துணை மாறுமோ என வியக்கிறார். மக்களின் கண்ணும் மூக்கும் ஒன்றேயாயினும் முகக்குறிப்பு வேறாக இருக்கிறது என்றும் எழுதுகிறார். நுண்ணிய நோக்கு இது. ஆங்குள்ள கணிகையர் படகுகளுக்கு நண்பர்களுடன் சென்றதையும், தென்னாட்டுப் பெண்டிரின் பேச்சும் அணியும் தமக்குப் பிடிக்காமையால் வேறு படகு தேடியதையும், யுன்னின் சாயல் உடையாள் ஒருத்தியை விரும்பி நான்கு மாதத்தில் நூறு வெள்ளிக்கு மேற் செலவிட்டதையும் அவர் ஒளிவின்றி உரைக்கிறார். ‘உலாவின் களிப்பு’ என்னும் தலைப்பின் கீழே இவையெல்லாம் இயல்பாக அமர்ந்துகொள்கின்றன. மனைவியுடன் ஒரு மாலைப்பொழுது படகில் அமர்ந்தது கணிகையர் கூட்டமெனப் பழிக்கப்பட்டது. மெய்யாகவே கணிகையர் படகிற் கழித்த நான்கு மாதங்கள் பயண இலக்கியமாயின. ஆசிரியர் இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டவில்லை. இரண்டையும் எழுதிவைத்தார்; அஃதே பெரிது.

மற்றொரு செய்தியும் உண்டு. அப்பயணத்துக்கு ஊக்கியவளும் யுன்னே. விறகுக்கும் அரிசிக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டே இன்பம் தேடுவதினும், ஒருமுறை உழைத்து நிலையான ஓய்வு பெறுதல் நன்று என்று அவள் சொன்னாள். தென்னாட்டிற் கிடைக்காத சூச்சௌ மதுவும், மதுவில் ஊறவைத்த நண்டும், தான் பூவேலை செய்த துணிகளும் விற்பனைக்கென ஆயத்தம் செய்து கொடுத்தாள். தந்தையை நான்கு வயதில் இழந்து, ஊசிவேலையால் தாயையும் தம்பியையும் காத்து வளர்ந்தவள் அவள். அவள் கைத்தையல் சென்ற தொலைவுக்கு அவள் செல்லவில்லை.

இரண்டாம் பகுதியிலும் இதனை ஒத்த இடம் ஒன்றுண்டு. கடுகினச் செடிகள் மஞ்சளாய்ப் பூத்த காலத்தில் நகரத்துத் தோட்டங்களுக்குச் செல்ல நண்பர் விரும்புகின்றனர். ஆங்கு உணவுக்கடை இல்லை. கொண்டுசென்றால் மது ஆறிவிடும். யுன் ஒரு சூழ்ச்சி சொல்கிறாள். தெருவில் மாவுருண்டை விற்போனின் காவடியில் அடுப்பும் சட்டியும் உள்ளன. நூறு காசு கொடுத்து அவனையே நாள் முழுதும் அமர்த்திக்கொண்டால் எல்லாம் சூடாகவே கிடைக்கும் என்கிறாள். அவ்வாறே நிகழ்கிறது. பிற உலாவினர் கண்டு பொறாமைப்படும்படி நண்பர்கள் உண்டு களித்துப் பாடி, மாலையிற் கஞ்சியும் காய்ச்சிக் குடித்துத் திரும்புகின்றனர். இன்றைய உலா இன்பமாக இருந்ததா என்று யுன் கேட்கிறாள். அம்மை இல்லையேல் இஃது இயன்றிராது என்று கூறி அனைவரும் சிரித்துக் கலைகின்றனர். உடன்சென்றவள் கேட்கும் கேள்வியாக இஃது எமக்குப் படவில்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். இவையெல்லாம் இக்காலக் கண்கொண்டு பழங்காலத்தை நோக்குவது. யுன் தன் நிலையில் நிறைவுற்றே இருந்தாள். இந்நகையை நகையாகவே ஏற்பது முறை என்பர். இத்தடைக்கு விடை நூலினுள்ளேயே உள்ளது. வெளியிற் செல்ல முடியாமையைப் பற்றிக் கணவனும் மனைவியும் தாமே பேசிக்கொள்கின்றனர். நீ ஆணாயின் இருவரும் மலைகளையும் பேரூர்களையும் தேடிச் செல்லலாமே என்று அவர் இரங்குகிறார். இதில் அருமை யாது, நரை வந்தபின் தொலைவிலுள்ள ஐந்து பெருமலைகளுக்கு இல்லையாயினும், அண்மையிலுள்ள குன்றுகளுக்கும், தெற்கே மேலை ஏரிக்கும், வடக்கே பிங்ஷானுக்கும் உடன் வரலாமே என்கிறாள். அப்போது உனக்கு நடக்க இயலாதே என்கிறார். இப்பிறவியில் இயலாவிடின் மறுபிறவியில் என்கிறாள். மறுபிறவியில் நீ ஆணாகு, நான் பெண்ணாகித் தொடர்கிறேன் என்கிறார். இப்பிறவியின் நினைவு அழியாதிருந்தால்தான் அதிற் சுவை உண்டு என்று அவள் முடிக்கிறாள். இளமையில் அவர்க்கென அவள் ஒளித்துவைத்த கஞ்சியைப் பற்றிய கேலிப்பேச்சும் இவ்வுரையாடலிற் கலந்துள்ளது. நகைப்பேச்சே, ஆயின் நகைப்பதற்குரிய பொருள் யாதென இருவரும் அறிவர். நூலுக்குப் புறத்தேயிருந்து யாம் கொணர்ந்து ஏற்றிய கருத்தன்று இது.

மேற்கூறிய அமைப்பு முறையின் பயன் மூன்றாம் பகுதியில் வெளிப்படுகிறது. ஏரிப் பயணத்தின்போது அவர்கள் நண்பர் வீட்டில் தங்கியிருந்ததாக முதற் பகுதி போகிறபோக்கிற் சொல்லிச் செல்கிறது. ஏன் தங்கினர் என்று அங்கே சொல்லவில்லை. மூன்றாம் பகுதி கூறுகிறது: மடல்களால் நேர்ந்த மனவேறுபாட்டாலும், மாமன் மாமியரை யுன் தன் மடலிற் குறித்த சொல் மரியாதைக் குறைவெனக் கொள்ளப்பட்டமையாலும், தந்தை சினந்து இருவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார். பாலத்தடியில் மூவரும் சிரித்த மாலை, வீடிழந்த காலத்து மாலை. முதற் பகுதியை மீண்டும் படிக்கும்போது சிரிப்பு குறைவதில்லை. அது யாரிடமிருந்து எழுந்தது என்பது மாறிவிடுகிறது. லின் யூதாங்கின் பாராட்டில் எமக்கு உடன்பாடில்லாத இடம் இதுவே. துன்பத்தை மறந்து நகைத்தவர்களாக அவர் அவர்களைக் காட்டினார். மறந்தவர்களுக்கு இத்துணைக் கவனமாக நகைக்க வேண்டிய தேவையில்லை.

இரண்டாம் முறை வீட்டைவிட்டு நீங்கியது 1801 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விடியுமுன். கடனும் நோயும் தந்தையின் சினமும் சூழ்ந்த வேளை. மகளைத் தொலைவிலன்றி உறவினர் குடும்பத்துக்கு மருமகளாக ஒப்புவிக்கவும், மகனைக் கடையொன்றில் தொழில் பயில விடவும் ஏற்பாடாகியிருந்தது. புறப்படுமுன் சூடான கஞ்சி குடிக்கின்றனர். முன்பு கஞ்சியாற் கூடினோம், இன்று கஞ்சியோடு பிரிகிறோம். கூத்தாக எழுதினால் ‘கஞ்சிக் கதை’ எனப் பெயரிடலாம் என்று யுன் வலிந்து சிரித்துச் சொல்கிறாள். மகன் விழித்து, எங்கே செல்கிறாய் என்கிறான். மருத்துவரிடம் என்கிறாள். ஏன் இத்துணை விடியலில் என்கிறான். வழி தொலைவு என்கிறாள். தாய்வீடு செல்வதாகச் சொல்லி ஏரி கண்டவள் இறுதியாகச் சொல்லிய போலிக்காரணம் இது. பின்வாயிலைத் திறக்கும்போது, அம்மா இனித் திரும்பமாட்டாள் என்று சிறுவன் கதறுகிறான். அண்டையார் விழித்துவிடுவரென அஞ்சி மகள் அவன் வாயைப் பொத்துகிறாள். கோயிலில் ஏவற்பெண்டிரின் சினத்தை மாற்றிய அந்நகை, இங்கே ஒரு சிறுவனிடமும் செல்லவில்லை.

ஓராண்டுக்கு மேல் பிறர் வீட்டில் தங்கியபின், கணவருக்குக் கிடைத்த அலுவலை நம்பி அவள் யாங்சௌ சென்றாள். சில வாரங்களில் அவ்வலுவல் போயிற்று. 1803 இன் வசந்த காலத்தில், நாற்பது வயதில், நரை கூடுமுன் அங்கேயே இறந்தாள். மேற்கு வாயிலுக்கு வெளியே புதைக்கப்பட்டாள். நரை வந்தபின் வடக்கே செல்லலாம் என்று அவள் எண்ணியிருந்த பிங்ஷான் அந்நகரைச் சார்ந்ததே. இப்பயணத்தை ஆசிரியர் எழுதியிருப்பது மூன்றாம் பகுதியில்.